பெரிய வைத்தியம்னு வந்துட்டா ஹெல்த் இன்சூரன்ஸை வச்சு எப்படி சமாளிக்கிறது – அட்மிஷன்ல இருந்து ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர், ராத்திரி ஒண்ணே முக்கால் மணி. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு விருதுநகர்ல இருந்து கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மதுரைக்கு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில நிக்கிறோம். நான் கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டிட்டு இருக்கேன், சித்தப்பா அப்பா பக்கத்துல. டியூட்டி டாக்டர் சின்ன பொண்ணு, எழுதிக்கிட்டே கேக்குறாங்க, "சுகர் இருக்கா?" "இருக்கும்மா." "எத்தனை வருஷமா?" சித்தப்பா ஒரு செகண்ட் கூட யோசிக்கல, "அது இருக்கும் ஒரு பத்து வருஷம்."

பத்து வருஷமா சுகர் இருக்கிறது சித்தப்பாவுக்கு. அப்பாவுக்கு கண்டுபிடிச்சே ஒன்றரை வருஷம்தான் ஆச்சு. பாலிசி எடுத்தது 2022 மார்ச்ல, சுகர் தெரிஞ்சது 2023 மே மாசம். ஆனா கேஸ் ஷீட்ல பத்து வருஷம்னு ஏறிடுச்சு, மூணாவது நாள் இன்சூரன்ஸ் கம்பெனி அதைப் பிடிச்சுக்கிட்டு "பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைச்சிருக்கீங்க" அப்படின்னு கேஷ்லெஸ்ஸை, அதாவது ஆஸ்பத்திரி பில்லை கம்பெனியே நேரா கட்டுற வசதியை, மறுத்துட்டாங்க. பைபாஸ்க்கு தேதி குறிச்சாச்சு, அக்கா நகையை அடகு வச்சுதான் பணம் கட்டினோம். பிறகு அலைஞ்சு திரிஞ்சு அந்த பணம் வந்துச்சு, முழுசா இல்ல, ஏன் முழுசா வரலங்கறதும் கீழ சொல்றேன், அது எங்க தப்பு.

இதுல நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். ஏஜென்ட் என்ன சொன்னார், கஸ்டமர் கேர்ல என்ன சொன்னாங்க, இதெல்லாம் கிளெய்ம்ல எடுபடாது, பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறதுதான் எடுபடும். அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன பேப்பர் உருவாகுது, அதுல என்ன எழுதுறாங்கன்னு பார்த்துக்கிட்டே போறதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

முதல்ல, உங்ககிட்ட என்னென்ன கவர் இருக்குன்னு எண்ணுங்க

நிறைய பேர் வீட்ல ஒரு கவருக்கு மேல இருக்கும், ஆனா பதட்டத்துல ஒண்ணுதான் ஞாபகத்துக்கு வரும்.

கம்பெனி குடுக்கிற குரூப் பாலிசி இருந்தா, அதுல அப்பா அம்மா பேரு சேர்த்திருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. குரூப் பாலிசில பெரும்பாலும் பழைய நோய்க்கு காத்திருப்பு காலம் (பாலிசி எடுத்து இத்தனை மாசம் கழிச்சுத்தான் அந்த நோய்க்கு பணம்னு வைக்கிற கெடு) கிடையாது, அதனால ரெண்டும் இருந்தா நான் முதல்ல கம்பெனி பாலிசியைத்தான் நீட்டுவேன். எதை முதல்ல உபயோகிக்கணும்னு தீர்மானிக்கிற உரிமை நமக்குத்தான் இருக்கு. அது தீர்ந்து மிச்சம் இருக்கிற தொகையை சொந்த பாலிசில கேக்கலாம், அதுக்கு முதல் கம்பெனி குடுக்கிற செட்டில்மென்ட் லெட்டரும், அவங்க முத்திரை வச்ச பில் நகல்களும் வேணும். ஒரிஜினல் ரெண்டு இடத்துல குடுக்க முடியாது பாருங்க.

மாச சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள வாங்குறவங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, இருக்கும். சம்பளத்துல மாசாமாசம் பிடிப்பாங்க, ஆனா ஆஸ்பத்திரின்னு வந்ததும் யாருக்கும் அது ஞாபகம் வராது. பெரிய ஆபரேஷன்னா இஎஸ்ஐ ஆஸ்பத்திரில இருந்தே ரெஃபரல் போட்டு வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதும் உண்டு. ரெஃபரல் வாங்காம நேரா தனியாருக்கு போனா மட்டும் சிக்கல்.

அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டு திட்டம். 2009ல கலைஞர் காப்பீட்டு திட்டமா ஆரம்பிச்சு, 2012ல பேரு மாறி, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தோட சேர்ந்துடுச்சு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். கார்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மையத்துல எடுப்பாங்க, ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்று கொண்டு போகணும். கார்டு பழைய வீட்ல எங்கயோ கிடக்குன்னா கவலைப்படாதீங்க, ரேஷன் கார்டு நம்பரை வச்சே பாலிசி நம்பரை தேடி எடுத்துடலாம். டோல் ஃப்ரீ 1800 425 3993. இதுல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகள்ல இந்த திட்டத்துக்குன்னு தனி டெஸ்க் இருக்கும், ஜெனரல் இன்சூரன்ஸ் டெஸ்க்ல போய் நிக்காதீங்க, அவங்களுக்கு இது தெரியாது, "இல்ல சார்"னு சொல்லி அனுப்பிடுவாங்க. இன்னொண்ணு, எல்லா ஆஸ்பத்திரிலயும் எல்லா வைத்தியத்துக்கும் இந்த திட்டம் கிடையாது, ஒரே ஆஸ்பத்திரி எலும்புக்கு இருக்கும் இருதயத்துக்கு இருக்காது. அட்மிட் ஆகும்போதே "காப்பீட்டு கார்டுல சேர்க்கிறோம்"னு சொல்லிடணும், கேஷ் பேஷன்ட்டா சேர்ந்துட்டு நடுவுல மாத்துறது பெரும்பாடு.

ரோடு ஆக்சிடென்ட்டா இருந்தா இது எதுவும் தேடாதீங்க, இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல வந்தது, திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியா இருந்தா முதல் 48 மணி நேரம் வரையறுத்த சிகிச்சைகள் இலவசம், வருமானம் ஊர் எதுவும் பார்க்க மாட்டாங்க.

பாலிசி பேப்பரை எடுத்து இதை மட்டும் பாருங்க

நாப்பது பக்கத்தையும் படிக்க நேரம் இருக்காது. "கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்"னு ஒண்ணு பாலிசியோட சேர்ந்து வந்திருக்கும், ரெண்டு மூணு பக்கம்தான், அதை போன்ல படம் பிடிச்சு வச்சுக்குங்க. அதுல பார்க்க வேண்டியது: மொத்த கவர் எவ்வளவு (போனஸ் சேர்ந்து), பாலிசி முதன்முதலா ஆரம்பிச்ச தேதி, ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கா, கோ-பே இருக்கா அதாவது பில்லுல நம்ம பங்கா 10 சதவீதம் 20 சதவீதம்னு போட்டிருக்கா, குறிப்பிட்ட ஆபரேஷனுக்கு தனி உச்சவரம்பு இருக்கா.

காத்திருப்பு காலம் பத்தி ஒரு விஷயம். பழைய நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம்தான் வைக்கலாம்னு 2024ல ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளை கட்டுப்படுத்துற அமைப்பு) விதியை மாத்திடுச்சு, முன்னாடி 48 இருந்துச்சு. அதே மாதிரி தொடர்ந்து 60 மாசம் விடாம பிரீமியம் கட்டியிருந்தா, அதுக்கப்புறம் "நீங்க மறைச்சுட்டீங்க"ன்னு சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடின்னு நிரூபிச்சா மட்டும்தான் முடியும். இது பெரிய பாதுகாப்பு. அதனாலதான் ரினியூவல் தேதியை தவற விடக்கூடாதுன்னு கரடியா கத்துறேன்.

ஆஸ்பத்திரி எதுன்னு முடிவு பண்றது

உயிர் போற அவசரம்னா பக்கத்துல இருக்கிற நல்ல ஆஸ்பத்திரி, அவ்வளவுதான், இன்சூரன்ஸை பிறகு பார்த்துக்கலாம். நாள் குறிச்சு செய்யுற ஆபரேஷன்னா நெட்வொர்க் ஆஸ்பத்திரியான்னு, அதாவது உங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டதான்னு பாருங்க. கம்பெனி ஆப்ல இருக்கிற லிஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க, ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு "இந்த கம்பெனிக்கு இப்போ கேஷ்லெஸ் ஓடுதா"ன்னு கேளுங்க, ஒப்பந்தம் தகராறாகி நின்னுபோயிருக்கும், ஆப்ல பேரு அப்படியே இருக்கும்.

நெட்வொர்க் இல்லாத ஆஸ்பத்திரிலயும் கேஷ்லெஸ் கேக்கலாம், 2024 ஜனவரில இருந்து அந்த வசதி வந்திருக்கு. நாள் குறிச்ச அட்மிஷன்னா 48 மணி நேரம் முன்னாடியே கம்பெனிக்கு சொல்லணும், அவசரம்னா அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள்ள. ஆஸ்பத்திரி ஒத்துக்கணும், அதுதான் நடைமுறைல இழுபறி.

ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விலக்கப்பட்ட ஆஸ்பத்திரி லிஸ்ட் இருக்கு, கறுப்பு பட்டியல்னு வச்சுக்குங்களேன். அங்க போனா கேஷ்லெஸ்ஸும் கிடையாது, பில்லைக் கட்டிட்டு கேட்டாலும் கிடையாது, உயிருக்கு ஆபத்தான நிலைமை தவிர. நெட்வொர்க் லிஸ்ட்டை பார்க்கிற யாரும் இந்த லிஸ்ட்டை பார்க்கிறதில்ல.

கேஷுவாலிட்டி – இங்கதான் பாதி கிளெய்ம் முடிவாகுது

பேஷன்ட் பக்கத்துல நிக்கிறது அவரோட உடம்பு விவரம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். எங்க வீட்ல அம்மாதான் நின்னிருக்கணும், அவங்க அழுதுக்கிட்டு இருந்தாங்கன்னு சித்தப்பா போனார், தப்பு எங்க மேலதான். டாக்டர் எத்தனை வருஷம்னு கேட்டா, தெரிஞ்சா சரியா சொல்லுங்க, தெரியலைன்னா "தெரியல டாக்டர், பழைய சீட்டை பார்த்து சொல்றேன்"னு சொல்லுங்க. நம்ம ஊர்ல "ரொம்ப நாளா", "சின்ன வயசுலேர்ந்து", "ஒரு பத்து வருஷம்" இதெல்லாம் பேச்சு வழக்கு, ஆனா கேஸ் ஷீட்ல ஏறினா அது சாட்சி. குடி, சிகரெட் பத்தி கேட்டாலும் அப்படித்தான், "எப்பவாவது கல்யாணம் காட்சின்னா"ங்கறது "பழக்கம் உண்டு"ன்னு ஏறும்.

பொய் சொல்லச் சொல்லல. பத்து வருஷமா சுகர் இருந்து பாலிசி ஃபார்ம்ல மறைச்சிருந்தா அது வேற கதை, அதுக்கு இந்த வழிகாட்டி உதவாது. உண்மையை விட கூட்டி சொல்லி நாமளே குழியில விழ வேண்டாம்னு சொல்றேன்.

தப்பா ஏறிடுச்சுன்னா என்ன பண்றது? கேஸ் ஷீட்ல அடிச்சு திருத்த சொல்லாதீங்க, அது இன்னும் சந்தேகத்தை கிளப்பும், டாக்டரும் செய்ய மாட்டார். சீஃப் டாக்டர்கிட்ட போய் தனியா ஒரு விளக்க கடிதம் கேளுங்க: நோய் எப்போ கண்டுபிடிக்கப்பட்டது, முதல்ல எழுதினது உறவினர் வாய்மொழியா சொன்னது, ஆவணங்கள் படி இந்த தேதி, அப்படின்னு லெட்டர்ஹெட்ல கையெழுத்து, சீல், தேதியோட. அதுக்கு ஆதாரமா முதல் லேப் ரிப்போர்ட், உள்ளூர் டாக்டர் எழுதின முதல் சீட்டு. எங்களைக் காப்பாத்தினது விருதுநகர் டாக்டரோட ஒரு மடிச்சு கசங்கின ஓபி சீட்டு, 2023 மே தேதி போட்டு "புதுசா கண்டுபிடிக்கப்பட்ட சுகர்"னு அவர் எழுதி வச்சிருந்தார். அம்மா அதை சாமி அறைல பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிருந்தாங்க.

ப்ரீ-ஆத் ஃபார்ம்

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேஷ்லெஸ்ஸுக்கு முன்கூட்டியே கம்பெனி அனுமதி கேக்கிற ஃபார்ம் ஒண்ணு குடுப்பாங்க, அதுதான் ப்ரீ-ஆத், பாதி நாம எழுதணும், பாதி டாக்டர். டாக்டர் பாதியை டெஸ்க்ல இருக்கிற தம்பியோ தங்கச்சியோதான் எழுதி டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்குவாங்க, அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்கி படிங்க, போட்டோ எடுங்க. நோய் எத்தனை நாளா இருக்குங்கற கட்டம், முன்னாடி இருந்த நோய்ங்கற கட்டம், மதிப்பீட்டுத் தொகை, இந்த மூணும் முக்கியம்.

பேரு. நம்ம ஊர் இனிஷியல் பிரச்சனை இருக்கே, பாலிசில "கந்தசாமி மு", ஆதார்ல "மு கந்தசாமி", பான் கார்டுல அப்பா பேரு முழுசா விரிஞ்சு நிக்கும். இதுக்கே ஒரு கேள்வி கேட்டு நாலு மணி நேரம் போகும். பேரு பொருந்தலைன்னா ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்டுற ஏதாவது ஒரு அடையாள அட்டையை முதல்லயே சேர்த்து குடுத்துடுங்க.

கோரிக்கை போன ஒரு மணி நேரத்துக்குள்ள கம்பெனி முடிவு சொல்லணும்னு 2024 மே மாச ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைல இருக்கு. நடைமுறைல என்ன நடக்கும்னா, அந்த ஒரு மணி நேரத்துல "கொயரி"ன்னு ஒண்ணு வரும், இந்த ரிப்போர்ட் அனுப்பு, அந்த பழைய சீட்டு அனுப்புன்னு. கொயரிக்கு பதில் போகாம ஆஸ்பத்திரி டெஸ்க்ல தூங்கிக்கிட்டு இருக்கிறதுதான் பல நேரம் தாமதத்துக்கு காரணம், ஷிஃப்ட் மாறும்போது முந்தின ஆள் அடுத்த ஆள்கிட்ட சொல்ல மாட்டார். டெஸ்க்கையே நம்பி உக்காராம கம்பெனி நம்பருக்கோ டிபிஏவுக்கோ நீங்களே போன் போட்டு, கிளெய்ம் நம்பர் சொல்லி, என்ன கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுக்குங்க. டிபிஏன்னா கம்பெனிக்காக கிளெய்ம் வேலை பார்க்கிற இடைப்பட்ட நிறுவனம், முடிவு அவங்களோடது இல்ல, கம்பெனியோடது.

முதல் அப்ரூவல் வந்ததும் பாதி பேர் நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க, 4 லட்சம் மதிப்பீட்டுக்கு 60 ஆயிரம்னு வந்திருக்கும். அது ஆரம்ப தொகை. பில் ஏற ஏற ஆஸ்பத்திரி கூடுதல் கேட்டு அனுப்பும், எண்ஹான்ஸ்மென்ட்னு சொல்வாங்க, அதுக்கு தனியா அப்ரூவல் வரும். நீங்க பார்க்க வேண்டியது எண்ஹான்ஸ்மென்ட் போச்சான்னு.

கேஷ்லெஸ் மறுத்துட்டா? கேஷ்லெஸ்ஸை மறுக்கிறது வேற, கிளெய்மையே மறுக்கிறது வேற. பணத்தை கட்டிட்டு எல்லா பேப்பரோடயும் பிறகு கேக்கலாம். நாங்க அப்படித்தான் வாங்கினோம். மறுப்பு எழுத்துல வரணும், எந்த ஷரத்துப்படின்னு இருக்கணும், டெஸ்க்ல வாயால சொல்றதை ஏத்துக்காதீங்க.

ரூம் – எங்களுக்கு 78,000 போன இடம்

எங்க பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை லிமிட் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அக்கா, "அப்பாவுக்கு ஆபரேஷன், இந்த நேரத்துலயாடா கணக்கு பார்ப்ப"ன்னு சொல்லி 8,000 ரூபாய் ரூமை எடுத்துட்டா. மூவாயிரம்தானே, ஆறு நாளைக்கு பதினெட்டாயிரம், கட்டிக்கலாம்னு நானும் தலையாட்டினேன்.

கணக்கு அப்படி போகல. ரூம் வாடகை 8,000க்கு 5,000ன்னா, எட்டுல அஞ்சு பங்கு, அதாவது 62.5 சதவீதம். ரூமுக்கு மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ், மயக்க டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, ஏன்னா பெரிய ரூம் எடுத்தா ஆஸ்பத்திரி அதுக்கெல்லாமும் கூட ரேட் போடும். எங்க பில்: ரூம் 48,000, அதுல வந்தது 30,000. டாக்டர் தியேட்டர் நர்சிங் சேர்த்து 1,60,000, அதுல வந்தது ஒரு லட்சம். ஐசியூ 27,000, மருந்து டெஸ்ட் எல்லாம் 1,40,000, இந்த ரெண்டுலயும் விகித வெட்டு கிடையாது. ஆக பதினெட்டாயிரம்னு நினைச்சது 78,000 ஆச்சு.

மருந்து, உடம்புக்குள்ள வைக்கிற ஸ்டென்ட் மாதிரி சாமான், பரிசோதனை, ஐசியூ வாடகை, இதுல எல்லாம் விகித வெட்டு போடக்கூடாதுன்னு 2020லயே விதி வந்திருக்கு. உங்க செட்டில்மென்ட் ஷீட்ல அதுலயும் வெட்டியிருந்தா கண்டிப்பா திருப்பி கேளுங்க. பேக்கேஜ்னு மொத்தமா ஒரு தொகை போடுற ஆஸ்பத்திரில இது தெரியவே தெரியாது, முழு பேக்கேஜையும் வெட்டிடுவாங்க, அதனால பேக்கேஜுக்குள்ள எது எவ்வளவுன்னு பிரிச்சு பில் கேளுங்க.

லிமிட்டுக்குள்ள ரூம் காலி இல்லைன்னா "உங்களுக்கு தகுதியான ரூம் இல்லாததால மேல் ரூம் குடுத்தோம்"னு ஆஸ்பத்திரிகிட்ட எழுதி வாங்குங்க. வெட்டு விழாதுன்னு இதுக்கு உத்தரவாதம் இல்ல, ஆனா பிறகு வாதாட கையில ஒரு காகிதம் இருக்கும்.

உள்ள இருக்கும்போது

ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இடைக்கால பில் வாங்கி பாருங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இருபது பக்கம் பில்லை ஒருத்தராலயும் பார்க்க முடியாது. கிளவுஸ், மாஸ்க், டயப்பர், பஞ்சு, அட்மிஷன் கிட்னு ஒரு பெரிய லிஸ்ட் இருக்கு, இன்சூரன்ஸ்ல வராது, நம்ம கையைத்தான் கடிக்கும். எங்களுக்கு 11,400 அதுல போச்சு. கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர், அதாவது இந்த சாமான்களுக்குன்னு பாலிசியோட சேர்த்து எடுக்கிற கூடுதல் கவர், எடுத்திருந்தா வரும், நாங்க எடுக்கல.

வெறும் டெஸ்ட்டுக்காக மட்டும் அட்மிட் ஆனீங்கன்னு சொல்லி மறுக்கிறதும் நிறைய நடக்குது. உள்ள இருக்கும்போது என்ன வைத்தியம் நடந்துச்சு, ஏன் வீட்ல இருந்து பார்க்க முடியாதுங்கறது டிஸ்சார்ஜ் சம்மரில தெளிவா இருக்கணும்.

டிஸ்சார்ஜ்

டிஸ்சார்ஜ் சம்மரி டிராஃப்ட்டா இருக்கும்போதே கேட்டு வாங்கி படிங்க. வயசு, தேதி, எந்த கால் எந்த கை, நோய் வரலாறு. எங்களுக்கு முதல் டிராஃப்ட்ல மறுபடியும் அந்த "பத்து வருஷம்" இருந்துச்சு, கேஸ் ஷீட்ல இருந்து அப்படியே அடிச்சிருந்தாங்க. விளக்க கடிதத்தை காட்டி அதை மாத்த வச்சேன், கையெழுத்தாகி சீல் வச்ச பிறகு போயிருந்தா இன்னும் ரெண்டு நாள் அலைச்சல்.

ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை அனுப்பினதுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள கம்பெனி பதில் சொல்லணும், அதுக்கு மேல ஆகி ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டா அது கம்பெனி தலையில. மூணு மணி நேரம் எப்போ ஆரம்பிக்குதுன்னு பாருங்க, டாக்டர் "வீட்டுக்கு போலாம்"னு சொன்ன நேரம் இல்ல, ஆஸ்பத்திரி பேப்பரை அனுப்பின நேரம். பில்லிங்லயே மத்தியானம் வரைக்கும் கிடக்கும். முந்தின நாள் சாயந்திரமே "நாளைக்கு டிஸ்சார்ஜ், பில்லை தயார் பண்ணுங்க"ன்னு சொல்லி வச்சா பாதி நாள் மிச்சம்.

ஃபைனல் அப்ரூவல் லெட்டர்ல எது எதுக்கு வெட்டினாங்கன்னு வரி வரியா இருக்கும், அதை கையில வாங்காம பாக்கி பணம் கட்டாதீங்க. முதல்ல கட்டின அட்வான்ஸ் ரசீது பத்திரம், கணக்கு பார்த்து திருப்பி வாங்கணும்.

பணம் கட்டிட்டு திருப்பி வாங்குறவங்களுக்கு

கிளெய்ம் ஃபார்ம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபைனல் பில், அதோட பிரிச்ச விவர பில், பணம் கட்டின ரசீது, மருந்து பில்லும் அதுக்கான டாக்டர் சீட்டும், டெஸ்ட் பில்லும் ரிப்போர்ட்டும், ஸ்டென்ட் லென்ஸ் மாதிரி வச்சிருந்தா அதோட ஸ்டிக்கரும் இன்வாய்ஸும், பேரு அச்சடிச்ச கேன்சல் செக். ஆக்சிடென்ட்னா எம்எல்சி (போலீஸ் கேஸ்னு ஆஸ்பத்திரி போடுற பதிவு) அல்லது எஃப்ஐஆர் நகல். எல்லாத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ், ஒரு செட் ஸ்கேன், அப்புறம்தான் அனுப்புறது. கூரியர் ரசீதும் ஃபைல்ல. கடைசி தேதி பாலிசில போட்டிருக்கும், பல பாலிசில டிஸ்சார்ஜ்ல இருந்து 15 நாளோ 30 நாளோ.

அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி அதே நோய்க்கு செலவழிச்ச ஸ்கேன், டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், வீட்டுக்கு வந்த பிறகு மருந்து, செக்கப், இதையும் கேக்கலாம், பல பாலிசில முன்னாடி 30 இல்ல 60 நாள், பின்னாடி 60 இல்ல 90 நாள். கேஷ்லெஸ் கிடைச்சவங்க இதை மறந்தே போயிடுறாங்க. எங்களுக்கு இதுல மட்டும் 14,000 தனியா வந்துச்சு. பேப்பர் எல்லாம் குடுத்தும் இழுத்தடிச்சா, தாமதத்துக்கு பேங்க் ரேட்டுக்கு மேல 2 சதவீதம் வட்டி கேக்கலாம், கடிதத்துல அந்த ஒரு வரியைச் சேர்த்தீங்கன்னா வேகம் வரும்.

கேன்சர் மாதிரி நீண்ட வைத்தியம்னா

இது வேற ஆட்டம். கீமோவுக்கு 24 மணி நேரம் படுக்கணும்னு இல்ல, டே கேர்லயே கிளெய்ம் உண்டு. மாத்திரையா குடுக்கிற கீமோ, இம்யூனோதெரபி ஊசி, ரோபோ ஆபரேஷன் இதெல்லாம் கவர் பண்ணணும்னு விதி இருக்கு, ஆனா தனி உச்சவரம்பு வைக்கலாம், அதுலதான் மாட்டுவீங்க, முதல் சைக்கிளுக்கு முன்னாடியே அந்த வரம்பு எவ்வளவுன்னு எழுத்துல கேட்டுக்குங்க. ரெஸ்டோரேஷன்னு கவர் தீர்ந்தா மறுபடி நிரப்புறோம்னு விளம்பரம் பண்ணுவாங்க, சில பாலிசில அது அதே நோய்க்கு அதே வருஷத்துல கிடைக்காது.

டாக்டர்கிட்ட மொத்த வைத்திய திட்டத்தையும், எத்தனை சைக்கிள், எவ்வளவு செலவுன்னு ஒரு காகிதத்துல வாங்கிட்டு, பாலிசி வருஷம் எப்போ முடியுதுன்னு பக்கத்துல வச்சு பாருங்க. ரினியூவல் ஆனா கவர் புதுசா ஆரம்பிக்கும். எங்க தெருவுல ஒரு அக்கா, கீமோ நடுவுல ரினியூவலை மறந்துட்டாங்க, வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு, இருபத்தெட்டாவது நாள் ஞாபகம் வந்து கட்டினாங்க. பாலிசி தப்பிச்சுது, ஆனா நடுவுல அந்த இருபத்தெட்டு நாள்ல நடந்த ஒரு சைக்கிளுக்கு பணம் வரல. கிளெய்ம் வாங்கின காரணத்துக்காக ரினியூவலை கம்பெனி மறுக்க முடியாது, அந்த பயம் வேண்டாம்.

மறுத்துட்டாங்கன்னா

போன்ல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. வரிசையா போங்க.

முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயில். கதை எழுதாதீங்க. பாலிசி நம்பர், கிளெய்ம் நம்பர், நீங்க சொன்ன காரணம் இது, அது தப்புங்கறதுக்கு ஆதாரம் இதோ, இவ்வளவு தொகை வேணும், அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள்ள. கம்பெனில கிளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாம கிளெய்மை மறுக்கக்கூடாதுன்னு 2024 விதி, "கமிட்டி ஒப்புதல் விவரத்தை குடுங்க"ன்னும் கேளுங்க. நான் அந்த ஈமெயிலை ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட், விளக்க கடிதம், மூணே இணைப்போட அனுப்பினேன், அஞ்சாவது வாரம் 2,85,600 அக்கவுண்ட்ல ஏறிச்சு, 3,75,000 பில்லுக்கு.

அதே நேரத்துல ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயும் புகார் போடலாம், போன்ல 155255. அவங்க தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, கம்பெனியை பதில் சொல்ல வைப்பாங்க.

முப்பது நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் பிடிக்கலைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற அதிகாரி. தமிழ்நாடு, புதுச்சேரிக்கு சென்னை தேனாம்பேட்டைல அண்ணா சாலைலயே ஆபீஸ் இருக்கு, ஆன்லைன்லயும் போடலாம், வீடியோ கால்லயும் விசாரிக்கிறாங்க. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்கக் கூடாது, நாமளே பேசணும். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம். தீர்ப்பு வந்து 30 நாள்ல கம்பெனி குடுக்கலைன்னா நாளுக்கு 5,000 ரூபாய் நமக்கு குடுக்கணும். ஒரு விஷயம், கன்ஸ்யூமர் கோர்ட்ல ஏற்கனவே கேஸ் போட்டிருந்தா ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார், அதனால முதல்ல இங்க, இது சரிவரலைன்னா கோர்ட்.

விசாரணைல பேசுறதுக்கு அஞ்சு பத்து நிமிஷம்தான் கிடைக்கும். தேதி வாரியா ஒரு தாள் எழுதி வச்சுக்குங்க, பாலிசி எடுத்த தேதி, நோய் தெரிஞ்ச தேதி, அட்மிஷன், மறுப்பு, ஒவ்வொரு தேதிக்கு எதிர்லயும் எந்த இணைப்புன்னு நம்பர்.

அப்பா இப்போ காலைல நாலு கிலோமீட்டர் நடக்கிறார். வீட்ல ஒரு நீல கலர் ஃபைல் வச்சிருக்கோம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள், என்ன நோய், எந்த தேதில தெரிஞ்சது, என்ன மாத்திரை, எந்த பாலிசி. பிரிட்ஜ் மேலதான் இருக்கும். சித்தப்பாவுக்கும் ஒண்ணு எழுதி அவர் பர்ஸ்ல மடிச்சு வச்சிருக்கேன், சுகர்: 2014ல இருந்து, அவருக்கு மட்டும்.